போடறதுக்கு இல்லாத தொப்பிகள்

கைக்குழந்தையோடு வாடகை வீடு தேடிப் போகிறவளிடம் வீட்டுக்காரர்கள் என்ன கேட்பார்கள் என்பது எனக்கு அதற்குள் மனப்பாடம் ஆகியிருந்தது. எத்தனை பேர், சொந்த ஊர் எது, தண்ணீர் நிறைய செலவாகுமா, குழந்தை ராத்திரியில் அழுமா. கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அந்த வீட்டுக்காரர் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. என் கணவரைத் தாண்டி என்னைப் பார்த்து, "செவுத்துல ஆணி அடிக்கிற பயக்கம் கீதா?" என்றார்.

இல்லை என்றேன். அம்மியில் அரைப்பேனா, உரலில் இடிப்பேனா, குழந்தை குதிக்குமா என்று அடுத்தடுத்துக் கேட்டார். குழந்தைக்கு அப்போது நடக்கவே வரவில்லை. இனிமேல்தான் குதிப்பாள் என்று சொல்வதா, சொன்னால் வீடு போய்விடுமா, சொல்லாவிட்டால் பொய்யாகிவிடுமா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே என் கணவர், "அதெல்லாம் குதிக்க மாட்டா சார்" என்று பேச்சை முடித்துவிட்டார். திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் அவருக்கு வேலை. பஸ் வசதியாக ஒரு வீடு கிடைத்தால் போதும் என்று இருந்தார்.

அந்தக் கேள்விகளுக்குக் காரணம் சாமான் இறக்கிய அன்றே தெரிந்தது. எங்களுக்கு மாடி. எங்கள் கூடத்துக்கு நேர் கீழே இருந்த வீட்டுக்காரரின் முன்னறையில் மனிதர்கள் புழங்குவதில்லை. அங்கே தொப்பிகள் குடியிருந்தன. பாராசூட்டில் குதிக்கும் பட்டாளத்தார் போட்டுக்கொள்ளும் பழைய காலத்து இரும்புத் தொப்பிகள். முதல் பார்வைக்கு விளிம்பை நறுக்கிவிட்ட சட்டிகள் போல இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளக் குழாயின் மேல் கவிழ்ந்து நிற்க, தாடைக்குக் கீழே மாட்டும் தோல் பட்டை தொங்கிக்கொண்டிருக்கும். ஜன்னல் திறந்திருந்தால், கழுத்து மெலிந்த ஒரு கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு நம்மைப் பார்ப்பது போலத் தோன்றும். கடல் காற்றில் தோல் பூஞ்சை பிடித்துவிடும் என்று அந்த அறையில் ஒரு மின்விசிறி எந்நேரமும் ஓடியது. பக்கத்து அறையில் அவர் மனைவி பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு படுத்திருப்பார்.

தொப்பிகளைத் தாங்கி நின்ற அந்தக் குழாய்களை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று எனக்குத் தோன்றியது. பிறகு மாடி ஏறும்போது புரிந்தது. எங்கள் படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி ஏறியது. ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் வெறும் காற்று. ஒரு காலத்தில் அங்கே மேலும் கீழுமாக இரண்டு வரிசைக் கம்பி இருந்ததற்கு அடையாளமாகப் படி ஓரங்களில் அறுத்துவிட்ட இரும்புக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் பச்சைப் பெயின்ட் மிச்சம் இருந்தது. அறைக்குள் இருந்த குழாய்களும் அதே பச்சை.

கீழே வந்து கேட்டேன். குழந்தை இன்னும் சில மாதத்தில் நடக்க ஆரம்பித்துவிடுவாள் என்பதையும் பணிவாகச் சேர்த்துக்கொண்டேன்.

"உப்புக் காத்தும்மா. துரு புடிச்சிப் போச்சி. கொயந்த கைய கிய்ச்சிடும்னுதான் எடுத்தேன்" என்றார். "புச்சு வெச்சிடலாம். ஆயுத பூஜைக்குள்ள வெச்சிடலாம்."

உள்ளே அந்தத் துருப்பிடித்த குழாய்கள் மெழுகு பூசியதுபோல் மின்னிக்கொண்டிருந்தன. எனக்குத்தான் சரியாகத் தெரியவில்லையோ என்று நினைத்துக்கொண்டு மேலே வந்தேன். வீட்டுக்காரரைப் பொய் சொல்கிறார் என்று நினைக்கும்படி எங்கள் வீட்டில் என்னை வளர்க்கவில்லை. மறுநாள் இரண்டு பழைய புடவைகளை முறுக்கி, அறுத்த குச்சிகளில் சுற்றி, கீழ்ப்படி வரைக்கும் கட்டினேன். அவர் வெளியே வந்து நின்று பார்த்துவிட்டு, வாசல் கலீஜாகத் தெரிகிறது என்று வருத்தப்பட்டார்.

பட்டாளத்தில் இருந்தவராக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் எந்தப் படையிலும் இருந்ததில்லை. எதிலிருந்தும் குதித்ததும் இல்லை. மொட்டை மாடிக்கு வந்தால் கைப்பிடிச் சுவருக்கு நான்கு அடி தள்ளியே நிற்பார். துறைமுகப் பக்கம் சரக்கு இறக்கும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சரக்கு இறக்குகிறவர்களுக்குத் தலைக்கவசம் எடுத்துக் கொடுப்பது அவர் வேலைகளில் ஒன்று. அவரே பெருமையாகச் சொன்னது இது: விரிசல் விட்ட பழைய மஞ்சள் தொப்பிகளைத்தான் வெளியே கொடுப்பாராம். புதிதாக வந்தவற்றை உறை பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் திறந்து பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமான ஸ்டோரைப் பார்த்ததே இல்லை என்பார்களாம்.

"புச்ச கொடுத்தா இன்னா ஆவும்? ஒரே நாள்ல கீறிடுவானுங்க" என்றார் என்னிடம்.

தலையில் ஏதாவது விழுந்தால்தானே கீறும் என்று எனக்குத் தோன்றியது.

அவருடைய அகராதியில் பெரிய சொல் ஒன்றுதான்: ஒரிஜினல். தோல், துணி, வார், வளையம் எதைக் கையில் வாங்கினாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு தீர்ப்பு. எங்கள் வீட்டுப் பால்காரரின் பால், கடைக்காரரின் பெருங்காயம், சந்துமுனை டாக்டரின் பட்டம் எல்லாவற்றின் மீதும் அவருக்கு ஒரே சந்தேகம். என் மகளுக்கு முதல் பற்கள் வந்தபோது கன்னத்தை அழுத்தி வாயைப் பார்த்துவிட்டு, "இது பூடும். அப்பால வர்றதுதான் ஒரிஜினல்" என்று ஆறுதலாகச் சொன்னார். சொன்னவரின் மேல் வரிசை முழுக்கக் கட்டிய பல். சாப்பிட்டபின் கழற்றிக் கழுவி, ஒரு கிண்ணத்தில் போட்டு, தொப்பிகள் இருந்த அறையின் ஜன்னலிலேயே வைப்பார்.

குழந்தைக்குத் தடவுகிற எண்ணெயைக் கேட்டு வாரம் ஒரு முறை அவர் மாடிக்கு வருவது வழக்கமாகிவிட்டது. தாடைப் பட்டைகளுக்கு அதுதான் இதமாம். வேறு எண்ணெய் போட்டால் தோல் கறுத்துவிடும். நான் புட்டியைக் கொடுப்பேன். அவர் உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, சிந்தாமல், ஒரு கையை விரித்தபடி, கைப்பிடி இல்லாத படியில் சுவரை உரசிக்கொண்டு மெதுவாக இறங்குவார். புட்டியோடு கொண்டுபோங்கள் என்றால் வேண்டாம் என்பார். அடுத்தவர் பொருளைக் கீழே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்குக் கிடையாது. படியின் கம்பி அவருடைய சொந்தப் பொருள்.

அவர் மனைவி குள்ளமாக, சத்தமாக இருப்பார். நான் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவேன். சந்துக்காரர்கள் அவர் கணவருக்குச் 'சட்டிக்காரர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயருக்கு இந்த அம்மாதான் காரணம் என்று எனக்குச் சந்தேகம். "இன்னாமா பண்றது. ரூம்பு நிறைய தலையா வாங்கி வெச்சிகினு கீறாரு. ஒண்ணுத்துலயாவது மூளை கீதான்னு தட்டித் தட்டிப் பாக்குறேன்" என்பார், அவர் காதுபட. அவர் சிரிப்பார். தொப்பியை யாராவது தட்டினால்தான் கோபம் வரும்.

தொப்பிகள் எங்கிருந்து வந்தன என்றால், எல்லா இடத்திலிருந்தும். கப்பலில் வரும் பழைய இரும்பு மணலிப் பக்கக் குடோன்களில் வந்து குவியும்போது அவர் அங்கே போய் உட்கார்ந்திருப்பார். ஒரு தொப்பி காசிமேட்டில் ஒரு நாட்டுப்படகிலிருந்து கிடைத்தது. வெள்ளைக்காரர் காலத்துப் பாராசூட் தொப்பி, உள்ளே பஞ்சும் இல்லை, பட்டையும் இல்லை, வெறும் இரும்பு ஓடு. படகில் ஏறும் தண்ணீரை அதைக்கொண்டுதான் இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார்களாம், அப்பா காலத்திலிருந்து. இவர் ஒரு புதுப் பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்து அதை வாங்கி வந்தார். படகுக்காரர், இது ஓட்டை விழாத சட்டி, வாளி உடைந்துபோகும் என்று அரைமனதாகத்தான் கொடுத்தாராம். உண்மையில் அந்தத் தொப்பி தன் வாழ்நாளில் செய்த உருப்படியான வேலை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

வாளி கொடுக்கிறார் என்ற செய்தி மீன்பிடித் துறைமுகத்தில் பரவிவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் கதவைத் திறந்தால், அடிபட்ட அலுமினியக் குண்டானோடு ஒரு மீன்காரம்மா நின்றார். சட்டி வாங்குகிறவர் வீடு இதுதானே என்றார். அவருக்குப் பின்னால் ஓட்டை வாணலி, ஈயம் போன அண்டா, பிடி உடைந்த குக்கர். வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் வாங்கி, புரட்டி, விரலால் தேய்த்துப் பார்த்து மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார். குக்கரைப் பார்த்துவிட்டு மட்டும், "இது மூடி ஒரிஜினல் இல்லமா" என்றார். அந்தப் பெண் ஆமாம் என்று ஒப்புக்கொண்டார்.

ஒரு தொப்பிக்கு மட்டும் அறையின் நடுவில் இடம். ஜெர்மன்காரர்களுடையது. பெங்களூரில் இருந்த இன்னொரு சேகரிப்பாளரிடம் தன் மற்ற தொப்பிகளில் பலவற்றைக் கொடுத்து அதை மாற்றி வாங்கியிருந்தார். அதன் பக்கவாட்டில் மங்கலாக ஒரு கழுகு. உள்தோல் ஒரிஜினல். பட்டை ஒரிஜினல். நான்கு போல்ட்டில் ஒன்று மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் தோலை ஓட்டோடு பிடித்து நிறுத்தும் போல்ட் அது. போல்ட்டின் தலையில் இரண்டு சின்ன ஓட்டை போட்டிருக்கும். அந்த ஒரு போல்ட்டுக்காக அவர் உலகத்தையே துழாவிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஆள் வேண்டும். மாடியில் பி.எஸ்ஸி. படித்த ஒருத்தி சும்மா இருந்தாள்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய், முன்பின் தெரியாத பெல்ஜியக்காரர்களுக்கும் போலந்துக்காரர்களுக்கும் நான் மின்னஞ்சல் எழுதினேன். இவர் பக்கத்தில் நின்று, "நல்லா கேளுமா. டபாய்க்கப் போறான். ஒரிஜினலான்னு ரெண்டு தபா போடு" என்பார். நான், தங்கள் மேலான கவனத்துக்கு என்று எழுதுவேன். இவ்வளவு உதவி செய்தால் கம்பி வைத்துவிடுவார் என்பது என் கணக்கு. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்தக் கணக்கில்தான் எழுதினேன். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் படியை ஞாபகப்படுத்துவேன். "போல்ட்டு வந்துடட்டும்மா, மனசு அதுலயே கீது" என்பார்.

போல்ட் ஒரு நாள் தபால் உறையில் வந்தது. அன்று சந்து முழுக்க லட்டு கொடுத்தார். வெளியூரில் இருந்த அவர் மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது என்று எதிர்வீட்டுக்காரர்கள் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். ஆணா பெண்ணா என்று கேட்டவர்களிடம் அந்த அம்மா, "இரும்பு" என்றார்.

என் மகள் அதற்குள் நடக்க ஆரம்பித்து, ஓடவும் ஆரம்பித்திருந்தாள். வாசல் கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள், உள்பக்கம் தாழ்ப்பாள், நடுவில் ஒரு ஸ்டூல் என்று நான் வாழ்ந்துகொண்டிருந்தேன். பாத்திரம் கழுவும்போது அவள் சத்தம் கேட்டால் என்ன செய்கிறாளோ என்று பயம், கேட்காவிட்டால் என்ன ஆனாளோ என்று பயம். வேறு வீடு பார்க்கலாம் என்றேன். "வீடு மாத்துறது லேசுப்பட்ட காரியமா? நீ எல்லாத்துக்கும் பதறுதே" என்றார் என் கணவர். ஒருவேளை பதறுகிறேனோ என்று எனக்கும் தோன்றும். எங்கள் விருதுநகர்ப் பக்கத்து வீடுகளில் படிக்குக் கைப்பிடியே கிடையாது, நாமெல்லாம் வளரவில்லையா என்பார். என் பெரியப்பா மகன் அப்படித்தான் விழுந்து முன்பல்லை இழந்தான் என்பது நினைவு வரும்.

இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் ஹெல்மெட் போட வேண்டும் என்று போலீஸார் கெடுபிடி செய்த நாட்கள் அவை. வீட்டுக்காரரிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. வெறுந்தலையோடு, காலடியில் ஒரு கோணிப் பையை வைத்துக்கொண்டு வந்தவரைக் கல்மண்டபம் முனையில் மடக்கிவிட்டார்கள். நடந்ததை அவர்தான் அன்று சாயங்காலம் என் கணவரிடம் நியாயம் கேட்கிற தோரணையில் சொன்னார். பையில் என்ன என்று கேட்டிருக்கிறார் அந்தப் போலீஸ்காரர். ஹெல்மெட் என்றிருக்கிறார் இவர். எடுக்கச் சொல்லிப் பார்த்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதையாவது மாட்டிக்கொண்டு போ, விட்டுவிடுகிறேன் என்றாராம்.

"அது போடறதுக்கு இல்ல சார்னு சொன்னேன். அவருக்குப் புரியல" என்றார் வீட்டுக்காரர். "அபராதம் கட்டிட்டு வந்தேன். இன்னாத்துக்குப் போடணும்? வேர்வ பட்டா லெதர் இன்னாத்துக்கு ஆவும்?"

என் கணவர் தலையை ஆட்டினார். வீட்டுக்காரர் போனபிறகு, மனுஷன் கிறுக்கு, ஆனால் தீங்கில்லாத கிறுக்கு என்றார்.

ஆயுத பூஜை எங்கள் பகுதியில் தீபாவளியைவிடப் பெரியது. லேத்துப் பட்டறை, டேங்கர் லாரி, மீன்பிடி வலை, தையல் மெஷின் என்று எதற்குப் பொட்டு வைக்காவிட்டாலும் அது கோபித்துக்கொள்ளும் என்பதுபோல எல்லாவற்றையும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார்கள். போல்ட் வந்த வருடத்து ஆயுத பூஜை அன்று வீட்டுக்காரர் காலையில் வாழைக்கன்று வாங்கப் போயிருந்தார். அந்த அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, தொப்பிகளும் ஆயுதத்தோடு சேர்த்திதானே என்று அறையைத் திறந்து வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போய்விட்டார். நெற்றி இருக்கும் இடம் என்று கணக்கிட்டு, ஒவ்வொரு தொப்பிக்கும் குளிரக் குளிரச் சந்தனம், நடுவில் குங்குமம். ஜெர்மன் தொப்பிக்கு முன்பக்கம் வெறுமையாக இருந்ததாம். பக்கத்தில்தான் ஒரு பறவைப் படம் இருந்தது. கருடன் என்று நினைத்து, கையைக் கூப்பிக் கும்பிட்டுவிட்டு, அதன் மேலேயே வைத்துவிட்டார்.

வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது சந்தனம் காய்ந்துவிட்டிருந்தது. ஈரத்துணியால் துடைத்தார். சந்தனம் வந்தது. கூடவே கழுகின் ஒரு சிறகும் வந்துவிட்டது. அன்று அந்த வீட்டில் பொரி கடலை யாருக்கும் கிடைக்கவில்லை. மூன்று நாள் அவர் மனைவியோடு பேசவில்லை. அந்த அம்மா மாடிக்கு வந்து என்னிடம், "சாமி கும்புட்டது ஒரு குத்தமா? இவுரு ஊட்டுக் கோயி செத்தாக்கூட இவ்ளோ பேஜார் பண்ணியிருக்க மாட்டாரு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த வருடமும் கம்பி வரவில்லை என்பதை அந்தச் சமயத்தில் எடுத்துச் சொல்வது முறையாகத் தெரியவில்லை.

அடுத்த வருடம் அவர் உஷாராகிவிட்டார். ஆயுத பூஜை அன்று விடிந்ததும் தொப்பிகளை மனைவியின் கைக்கு எட்டாமல் மொட்டை மாடி அறைக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். ஒரு கைக்கு ஒன்றாக, எங்கள் வாசலைத் தாண்டி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார். நான் வாசலைக் கழுவிக் கோலம் போட்டுக்கொண்டிருந்ததால் கதவு திறந்திருந்தது. ஸ்டூலைக் கதவுக்குக் குறுக்கே போட்டு, மகளை உள்ளே விட்டிருந்தேன். கடைசியாக ஜெர்மன் தொப்பியைக் கொண்டுவந்தவருக்கு மூச்சு வாங்கியது. அதைச் சுற்றி வைக்கிற வெல்வெட் துணியைக் கீழேயே மறந்துவிட்டார். தொப்பியை எங்கள் வாசல் படியில், கோலத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தொடாத பாத்துக்கமா" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

நான் கோலமாவு டப்பாவை உள்ளே வைக்கத் திரும்பினேன். அவ்வளவுதான். ஸ்டூலுக்கு அடியில் புகுந்து என் மகள் வெளியே போயிருக்கிறாள். நான் திரும்பியபோது அவள் தலையில் அந்தத் தொப்பி இருந்தது. கண்ணை மூடி, மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தது. பட்டை தாடைக்குக் கீழே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். அப்படியே இரண்டு படி இறங்கிவிட்டாள். கழுவின படி ஈரம். கீழிருந்து வீட்டுக்காரர் வெல்வெட் துணியோடு ஏறிக்கொண்டிருந்தார். அவளுக்கும் அவருக்கும் நடுவில் கை நீட்டும் தூரம்தான்.

அவர் துணியைப் போட்டார். இரண்டு கையையும் நீட்டினார். அவள் காற்றுப் பக்கமாகச் சாய்ந்தாள். நான் கட்டியிருந்த புடவை முறுக்கில் அவள் இடுப்பு பட்டு, அது ஒரு கணம் தாங்கி, பிறகு குச்சியிலிருந்து நழுவியது. அவர் கைகள் பிடித்துவிட்டன. தொப்பியை.

தாடையில் மாட்டிய பட்டை அறுந்து, பானை மூடி கழன்று வருவதுபோல அது அவர் கையோடு வந்தது. என் மகள் கீழே போனாள்.

கீழே அவருடைய ஸ்கூட்டர் கழுவி, மாலை போட்டு, பொட்டு வைத்து நின்றிருந்தது. அதன் மேல் விழுந்து தரைக்குச் சரிந்தாள். நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. நான் போவதற்குள் அந்த அம்மா அவளைத் தூக்கியிருந்தார். நெற்றி சிவப்பாக இருந்தது. எது ரத்தம், எது வண்டியின் குங்குமம் என்று தெரியாமல் நான் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைக்கத் துடைக்க வந்தபோதுதான் ரத்தம் என்று தெரிந்தது.

அந்த அம்மா அண்ணாந்து பார்த்தார். கணவர் பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தார். தொப்பியை மார்போடு அணைத்திருந்தார். பட்டை நடுவில் அறுந்து, இரண்டு துண்டாகத் தொங்கியது.

"கொயந்தைய வுட்டுட்டு சட்டிய புடிச்சிகினு நிக்கிறியே, நீ மனுசனா?"

அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "கைக்கு அதாம்மா வந்திச்சி" என்றார்.

புருவத்துக்கு மேல் தையல் போட்டார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். பயப்பட வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்கு எப்போதும் கூடுதலாக ஒரு பயம் வரும். ஒரு வாரம் அவளைத் தூங்கவிடாமல் எழுப்பி எழுப்பிப் பெயர் கேட்டேன். இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். புருவத்தில் முடி முளைக்காத ஒரு கோடு இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்தக் கைகளைப் பார்ப்பேன். நீண்டபோது அவை எதற்காக நீண்டன? அவள் தலை தொப்பிக்குள்தானே இருந்தது. தலையைப் பிடிக்க நினைத்தவருக்கும் தொப்பிதான் கையில் கிடைத்திருக்கும். தோளைப் பிடித்திருக்கலாமே. தோளும் அதே தூரம்தான். சில நாள் அவரை விடுவிப்பேன். சில நாள் மறுபடி பிடித்துக்கொள்வேன். "குதிக்கும்போது ஆளு போனாலும் ஹெல்மெட்டு தலைய வுட்டுப் போவாது. அதுக்குத்தான் இந்தப் பட்ட" என்று எத்தனை முறை என் குழந்தையின் எண்ணெயைத் தடவிக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்.

அடுத்த வாரம் வாசலில் வெல்டிங் சத்தம் கேட்டது. என் கணவர்கூட எட்டிப் பார்த்தார். முன்னறை ஜன்னல் திறந்திருந்தது. தொப்பிகள் எல்லாம் தரையில், சந்தையில் கத்தரிக்காய் குவித்ததுபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றின் கழுத்துகள் படிக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தன. புதுக் குழாய் வாங்கியிருக்கலாம். அவருக்கு மனம் வரவில்லை. பழைய துண்டுகளையே முழத்துக்கு முழம் ஒட்டவைத்து, இரண்டு வரிசைக் கம்பியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். கையை வைத்து இழுத்தால் ஒட்டின இடமெல்லாம் முண்டு முண்டாகத் தட்டும். ஆனாலும் கம்பி. நான் உலுக்கிப் பார்த்தேன். அசையவில்லை. கொஞ்ச நேரம் அவரை மிகவும் நல்லவர் என்று நினைத்தேன்.

பிறகுதான் கவனித்தேன். எங்கள் வாசலுக்கு அடுத்த படியில், கீழ் வரிசையில், ஒரு முழத்துக்குக் கம்பி இல்லை. சரியாக என் மகளின் உயரத்தில்.

நான் எதுவும் கேட்குமுன் அவரே அந்த இடத்தைப் பார்த்து, "அது ஒண்ணு மட்டும் நிக்கட்டும்மா. தரைல வெச்சா சாய்ஞ்சிடும்" என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அறையின் நடுவில், ஒற்றைப் பச்சைக் குழாயின் மேல், பட்டை அறுந்த ஜெர்மன் தொப்பி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. மின்விசிறி ஓடியது.

மறுநாளே நாங்கள் வேறு வீடு பார்க்க ஆரம்பித்தோம். கிடைக்கச் சில மாதங்கள் ஆயின. அதுவரைக்கும் அந்த ஒரு முழ இடைவெளியை என்ன செய்வது? முன்பு கட்டியவை வெல்டிங் பொறியில் கருகிவிட்டன, வீட்டில் வேறு கிழிந்த புடவை மிச்சம் இல்லை. என் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த சுங்குடிப் புடவையை எடுத்து, நான்காக மடித்து, இரண்டு பக்கக் கம்பியிலும் இறுக்கி முடிச்சுப் போட்டேன். போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் எண்ணெய் கேட்டு ஏறி வந்தார். அறுந்த பட்டையைத் தைக்கக் கொடுக்குமுன் ஊறவைக்க வேண்டுமாம்.

என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். தாங்கியது. புடவையின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"சுங்குடியா? ஒரிஜினலா கீதே" என்றார் வருத்தத்தோடு. "இத்தப் போயி இங்க கட்றியேமா. வெயில்ல வெளுத்துப் பூடும்."